ஆமென் என்கிறவன்

நண்பர் ஒருவரின் தாயாரைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்த அன்று, சாமியார் ஜெபத்தை முடித்ததும் குழியைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் 'ஆமென்' என்றார்கள். நானும் சொன்னேன். நான் விசுவாசி அல்ல. இறந்தவர்கள் எழுந்திருப்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. பேசாமல் நின்றிருந்தால் மரியாதைக் குறைவாக இருந்திருக்கும் என்பது சரி. ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் ஓர் உறுத்தல். நான் எதற்குக் கையெழுத்துப் போட்டேன்?

'அப்படியே ஆகட்டும்' என்று இதற்குப் பொருள் சொல்வது வழக்கம். வழக்கம் பழையது. எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்களே பெரும்பாலும் அப்படித்தான் எழுதினார்கள். ஆனால் எபிரேய வேர்ச்சொல் வேறொன்றைச் சொல்கிறது: உறுதி, நிலைபேறு, தாங்குதல். விசுவாசம், உண்மை இரண்டுக்கும் உரிய சொற்கள் இதே வேரில் பிறந்தவை. குழந்தையை ஏந்தி வளர்க்கும் செவிலியின் பெயரும்தான். 'ஆகட்டும்' என்பது விருப்பம். விருப்பத்துக்குச் செலவு கிடையாது. 'இது நிற்கும், நான் தாங்குகிறேன்' என்பது ஜாமீன்.

தமிழ்க் காதுக்கு அது 'ஆம் என்' என்று கேட்பது வெறும் தற்செயல். இதை வைத்துக்கொண்டு சொல்லாராய்ச்சிக்குக் கிளம்பக்கூடியவர்கள் நம்மிடையே உண்டு, அவர்களை விட்டுவிடலாம். எனினும் அந்தத் தற்செயலில் ஓர் ஏவல் ஒலிக்கிறது. ஆம் என்று சொல் என்கிறார்கள், நாம் சொல்கிறோம்.

பைபிளில் இந்தச் சொல் முதன்முதலாக வருமிடம் ஜெபமே அல்ல. எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரத்தில், கணவனால் சந்தேகிக்கப்பட்ட ஒரு பெண். சாட்சி இல்லை. குரு சாபங்களை எழுதி, அந்த எழுத்தைத் தண்ணீரில் கரைத்து அவளைக் குடிக்க வைக்கிறார். நீ கெட்டவளானால் உன் வயிறு வீங்கட்டும் என்கிறார். அவள் 'ஆமென், ஆமென்' என்று இருமுறை சொல்லவேண்டும். கணவன் எந்தச் சாபத்துக்கும் ஆமென் சொல்லவேண்டியதில்லை. தன் மேல் விழப்போகிற வாக்கியத்துக்குத் தானே ஒப்புதல் தருகிற அவளுக்கு, அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூட சொந்தமில்லை. சம்மதம் என்பதை நாம் எவ்வளவு சுலபமாக சுதந்திரத்தோடு சேர்த்துப் பேசுகிறோம்.

புரியாமல் சொல்லும் ஆமென் இன்னொரு வகை. எந்த வாழ்த்துக்கு என்று அறியாமல் சொல்லப்படுவதை யூத ரபிகள் 'அனாதை ஆமென்' என்றார்கள். விளங்காத ஜெபத்துக்கு ஒருவன் எப்படி ஆமென் சொல்வான் என்று பவுலும் கொரிந்தியரைக் கேட்கிறார். அப்படியும் கத்தோலிக்கப் பூசை பல நூற்றாண்டுகள் லத்தீனிலேயே நடந்தது. மக்கள் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருக்க, பூசைக்கு உதவும் பையன் ஊருக்காகப் பதில் சொன்னான். நன்மை வாங்கும்போது சொல்லவேண்டிய ஆமெனையும் குருவே சொல்லிக்கொண்டார். 1964இல்தான் அது வாங்குகிறவரின் வாய்க்குத் திரும்பியது.

புரிந்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்றில்லை. 'கிறிஸ்துவின் உடல்' என்று சொல்லக் கேட்டு ஆமென் என்கிறாய். அப்படியானால் அந்த உடலின் உறுப்பாக இரு, அப்போதுதான் உன் ஆமென் மெய்யாகும் என்று அகுஸ்தீன் பிரசங்கம் செய்தார். அதாவது சொல்லின் உண்மை சொல்லில் இல்லை, சொன்னவன் பிறகு எப்படி இருக்கிறான் என்பதில் இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு கோவில் கட்டினார்கள். இரண்டு கைகளாகப் பிரிந்து பீடத்தருகே வந்து கூடும் கட்டிடம். வேளாளர் முதலானோர் ஒரு கையில், நாடார் முதலானோர் மறு கையில், நடுவே சுவர். பீடம் இரண்டு பக்கத்தாருக்கும் தெரியும். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. 1910இல் சுவரை இடித்தார்கள். அதுவரை அங்கே நன்மை வாங்கியவர்களுக்கு பதிலாகக் குருவே ஆமென் சொல்லிவந்தது ஒருவகையில் நல்லதாயிற்று என்று நினைத்துக்கொள்கிறேன். ஒரே உடல் என்பதற்கு அவர்கள் தங்கள் வாயால் ஜாமீன் நிற்கவேண்டி வரவில்லை.

என் விஷயத்துக்கு எரேமியாதான் துணை வருகிறார். இரண்டே வருஷத்தில் பாபிலோனின் நுகம் முறியும், கொள்ளைபோன கோவில் பாத்திரங்கள் திரும்பும் என்று அனனியா ஜனங்கள் முன்னால் தீர்க்கதரிசனம் சொல்கிறான். அது நடக்காது என்பது எரேமியாவுக்குத் தெரியும். ஆனாலும் அவருடைய முதல் வார்த்தை 'ஆமென்'. கர்த்தர் அப்படியே செய்வாராக என்கிறார். இதைக் கிண்டல் என்று வாசிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. அவர் அதை உண்மையாகவே விரும்பினார். விரும்பியதற்கு மேல் ஒரு அடியும் போகவில்லை. ஆனால் என்று தொடங்கி, சமாதானம் சொல்லும் தீர்க்கதரிசி யாரென்று அது நடக்கும்போது தெரியும் என்று அடுத்த மூச்சிலேயே சொல்லிவிட்டார்.

கல்லறைத் தோட்டத்தில் நான் அந்த 'ஆனாலை' விழுங்கிவிட்டேன். அந்த அம்மாள் எழுந்து வரவேண்டும் என்று விரும்பியது மட்டும் உண்மை. எனக்கு எத்தனையோ முறை சோறு போட்டவர். பக்கத்தில் நின்ற நண்பர் மண்ணை ஒரு கைப்பிடி எடுத்து என்னிடமும் கொஞ்சம் தந்தார். போட்டேன். என் ஆமென் எந்த வகை என்று அவர் கேட்கவில்லை.