தானியக் குவியலும் தாம்பரத்து மனையும்

அரபு மொழியில் குடியிருக்கும் வீட்டிற்கு ‘மஸ்கன்’ என்று பெயர். ‘ஸகன’ என்னும் அதன் வேர்ச்சொல்லுக்கு அசைவு நின்று அமைதல் என்பது பொருள். மன அமைதியைக் குறிக்கும் ‘ஸகீனத்’ என்னும் சொல்லும் அவ்வேரில் பிறந்ததே. ஏழையைக் குறிக்கும் ‘மிஸ்கீன்’ என்னும் சொல்லும் அதில் பிறந்ததே. வறுமை எவனை அசையவிடாமல் இருத்திவிட்டதோ அவன் மிஸ்கீன் என்று அகராதி ஆசிரியர்கள் விளக்கம் கூறுவர். வீடும் அமைதியும் வறுமையும் ஒரே வேரில் கிளைத்திருப்பதை முப்பதாண்டுகளாக மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்து வருகின்றேன். அதை வெறும் இலக்கணப் பாடம் என்றே எண்ணியிருந்தேன். என் பழைய மாணவர் ஒருவருக்காகத் தாம்பரத்திற்கு மேற்கே வீடு பார்க்கச் சென்ற பிறகு அவ்வாறு எண்ண முடியவில்லை.

சவூதி அரேபியாவில் 2017 ஜூலை முதல், அயல்நாட்டுப் பணியாளர் தம்முடன் வைத்திருக்கும் மனைவி மக்கள் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதிக்கப்பட்டது. அது ஆண்டுதோறும் நூறு நூறாக ஏறி 2020இல் 400 ரியாலாகும் என்பதும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தது. தம்மாமில் கணக்கெழுதும் பணியிலிருந்த என் மாணவருக்கு மனைவியும் மூன்று பிள்ளைகளும். நான்கு பேருக்கு மாதம் 1600 ரியால் என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர், குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தாம் மட்டும் அங்கிருப்பது என்று முடிவு செய்தார். அந்நாட்களில் இவ்வாறு முடிவு செய்த குடும்பங்கள் பல.

ஊர் என்றால் எந்த ஊர்? அவருடைய பூர்வீகம் இராமநாதபுரம் கடற்கரையில் ஒரு சிற்றூர். பிள்ளைகள் படித்த பாடத்திட்டத்திற்கு அங்கே பள்ளி இல்லை. திருவல்லிக்கேணியிலும் மண்ணடியிலும் வீடு வாங்க அவர் சேமிப்பு போதாது. ஆகவே இரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு தெற்கே இறங்கினார். கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார இரயில் 1931ஆம் ஆண்டிலிருந்து ஓடுகிறது. திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம், அதற்கப்பால் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று ஒவ்வொரு நிலையமாகக் கடக்கக் கடக்க மனையின் விலையும் இறங்கிக்கொண்டே வரும். திரிசூலத்தில் விமான நிலையம் எதிரே நிற்கிறது. தென்னாட்டு இரயில்கள் தாம்பரத்தில் நின்று செல்கின்றன. அயல்நாட்டில் ஒரு காலும் சொந்த ஊரில் ஒரு காலுமாக நிற்பவனுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை என்பது அவர் வாதம். எனக்கும் அது சரியென்றே பட்டது.

“ஹஜ்ரத், நீங்கள் ஒருமுறை நேரில் பார்த்துச் சொல்லுங்கள், எனக்கு அது போதும்” என்று தொலைபேசியில் சொன்னார். ஆலோசனை கேட்கப்பட்டவன் அமானிதம் சுமந்தவன் என்னும் கருத்தில் நபிமொழி ஒன்றுண்டு. அதைப் பலமுறை மேடையில் விளக்கியவன் நான்.

2018 மே மாதம், நல்ல வெயிலில், முடிச்சூர்ப் பக்கம் ஒரு தெருவில் அந்த வீட்டைப் பார்த்தேன். கீழ்த்தளம் மட்டும் கட்டிய புதிய வீடு. பள்ளிவாசல் எவ்வளவு தூரம் என்று விசாரித்தேன். பிள்ளைகளின் பள்ளிக்கு வண்டி வருமா என்று கேட்டேன். கிணற்று நீரை ஒரு மிடறு அருந்தி, உவர்ப்பில்லை என்று மகிழ்ந்தேன். நீர் இனிப்பா உவர்ப்பா என்று நாவில் வைத்துப் பார்த்தவன், அந்நீர் மழைக்காலத்தில் எதுவரை வரும் என்பதைச் சரிவரக் கேட்கவில்லை. கேட்டேன், கேட்காமலில்லை, ஆனால் விற்பவரிடம் கேட்டேன். “2015இல் சென்னை முழுவதும் தண்ணீர்தானே? இங்கே வாசற்படியோடு நின்றுவிட்டது” என்றார். நானும் தலையசைத்துவிட்டு வந்தேன். பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் ஒழுங்காக இருந்தன. வில்லங்கச் சான்றிதழில் அடமானம் தெரியும், பதிவான பாகப்பிரிவினை தெரியும், தண்ணீர் தெரியாது.

மதீனாவின் கடைவீதியில் நடந்த ஒரு நிகழ்ச்சியை ஈண்டு நினைவூட்ட வேண்டும். பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தார்கள். மேலே உலர்ந்திருந்த அக்குவியலின் உள்ளே விரல்களில் ஈரம் தட்டிற்று. காரணம் வினவியபோது மழையில் நனைந்துவிட்டதாக வியாபாரி கூறினார். அந்த ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். ஹதீதுக் கலையில் ‘ஸஹீஹ்’ என்று ஏற்கப்பட்ட செய்தி இது. இதில் நான் வியப்பது ஒன்றுண்டு. மழையை அந்த வியாபாரி வரவழைக்கவில்லை. நனைந்தது அவர் குற்றமன்று. நனைந்ததை விற்பதையும் பெருமானார் தடுக்கவில்லை. ஈரத்தை மேலே வைக்கும்படியே சொன்னார்கள்.

தாம்பரம் வட்டாரத்து நிலம் அப்படிப்பட்ட குவியல்தான். இது ஏரிகளின் நாடு. ஓர் ஏரி நிரம்பினால் மிகுநீர் அடுத்த ஏரிக்குச் செல்லும்படி முன்னோர் வகுத்திருந்தனர். இரயில் பாதைக்குக் கிழக்கே சேலையூர், செம்பாக்கம் பக்கத்து நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கிப் போகும். மேற்கே ஆதனூர், மணிமங்கலம் முதலிய ஏரிகளின் நீர் அடையாற்றை நோக்கிப் போகும். 2015 வெள்ளத்திற்குச் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டதே காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். செம்பரம்பாக்கத்து நீர் அடையாற்றில் வந்து கலப்பது திருநீர்மலை அருகே. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேற்புறம் உள்ளவை. அவற்றை மூழ்கடித்தது மேலிருந்து வந்த ஏரிகளின் நீரும், அன்று வானம் கொட்டித் தீர்த்த மழையுமே. 2015 டிசம்பர் 2ஆம் நாள் காலையோடு முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. இவையெல்லாம் மறைபொருளல்ல. தேடியிருந்தால் நானும் அறிந்திருப்பேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வளைகுடாவிலிருந்து குடும்பத்தோடு வருபவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை கிடைக்கும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வருகிறார்கள். தாம்பரம் நனைவதோ ஐப்பசி, கார்த்திகையில். பத்தாண்டு தொடர்ந்து வந்துபோனாலும் அவர்கள் குவியலின் மேற்புறத்தையே காண்கிறார்கள். அயலிலிருந்து திரும்புவோர் முதலில் ஒரு மழைக்காலம் வாடகைக்கு இருந்து பார்த்துவிட்டுப் பிறகு வாங்குதல் நன்று என்று இப்பொழுது என்னிடம் கேட்பவர்களிடம் கூறிவருகின்றேன். வாடகை வீண் செலவு என்று அவர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

2020இல் என் மாணவர் வேலையிழந்து, பெருந்தொற்றுக் காலத்துச் சிறப்பு விமானமொன்றில் வந்து சேர்ந்தார். மண்ணடியில் ஒரு கடையில் கணக்கெழுதக் கிடைத்தது. வீட்டிலிருந்து நிலையத்திற்குப் பங்கு ஆட்டோ, அங்கிருந்து கடற்கரைக்கு இரயில் என்று போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. மலிவாக வாங்கியதன் மிச்ச விலையை அவர் இவ்வாறு நாள்தோறும் தவணையாகச் செலுத்தினார். அதில் அவருக்குக் குறையில்லை. தெரிந்தே ஏற்றுக்கொண்டது அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வீட்டிற்குள் இடுப்பளவு நீர் புகுந்தது. பிள்ளைகளின் சான்றிதழ்களும் அரிசியும் படுக்கையும் போயின. அடுத்த வீட்டு மாடியில் இரண்டு நாள் இருந்தார்கள். அவ்வீட்டு மூதாட்டி, “2015இல் இதைவிட ஒரு முழம் கூடுதலாக வந்ததே! வாங்கும்போது எங்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போமே” என்றாராம். வீட்டிற்கு முன் அண்டை வீட்டாரைப் பார் என்பது அரபியரின் பழமொழி. அதற்கு நல்ல அயலாரைத் தேடிக்கொள் என்றே இதுவரை பொருள் சொல்லி வந்தேன். அயலாரிடம் போய்க் கேள் என்றும் அதற்குப் பொருளுண்டு போலும்.

அடுத்த கோடையில் வீட்டை விற்க முற்பட்டார். சுவரில் நீர் நின்ற கறை தெரியாதபடி வெளிர்பச்சை வண்ணம் பூசப்பட்டது. சேலம் பக்கத்துக் குடும்பமொன்று, ஷார்ஜாவிலிருந்து திரும்புபவர்கள், பார்க்க வருவதாக இருந்தது. அவர்களும் யார் மூலமோ என்னைத் தெரிந்துகொண்டு, “நீங்கள் கூட இருங்கள்” என்றார்கள். முதல் நாள் இரவு மாணவர் என்னிடம் கேட்டார்: “தண்ணீர் வந்ததைச் சொன்னால் எட்டு இலட்சம் குறையும் என்கிறார் தரகர். எனக்கு யாரும் சொல்லவில்லையே, ஹஜ்ரத். நான் மட்டும் ஏன் சொல்ல வேண்டும்?”

தானியக் குவியலை நினைவூட்டினேன். அவர் சற்று நேரம் பேசாமலிருந்து, “அந்த வியாபாரியின் கையிலிருக்கும்போது தானியம் நனைந்தது. இதுவோ என் கைக்கு வரும்போதே நனைந்திருந்தது” என்றார். எவ்வளவு பேர் இவ்வாறு வாங்கி இவ்வாறே விற்றிருப்பார்கள்! அவர் குரலில் பேராசை இல்லை. மூத்த மகளின் கல்லூரிக் கட்டணம் இருந்தது.

ஃபிக்ஹு நூல்களில் இதற்கு விடை உண்டு. வியாபாரிகளின் வழக்கில் எது விலையைக் குறைக்குமோ அது குறை, அதாவது ‘ஐப்’ என்று சட்ட அறிஞர்கள் வரையறுத்தனர். அவ்வாறாயின் எட்டு இலட்சம் குறையும் என்று சொன்ன தரகரே அது குறைதான் என்பதற்குச் சாட்சியாகிவிட்டார். “உள்ளது உள்ளபடி விற்கிறேன், எந்தக் குறைக்கும் நான் பொறுப்பல்ல” என்று நிபந்தனையிட்டு விற்கலாமா என்றால், ஹனபி மத்ஹபில் அந்நிபந்தனை செல்லும். ஷாஃபி மத்ஹபில் வீடு, மனை போன்றவற்றில் அது செல்லாது. என் மாணவர் ஷாஃபி. வாங்க வருபவரோ ஹனபி. “அவர் மத்ஹபுப்படி விற்றுவிடலாமோ?” என்று அவரே சொல்லிச் சிரித்துக்கொண்டார். செல்லும் என்று கூறும் ஹனபி அறிஞர்களும் காழியின் தீர்ப்பு வேறு, இறைவனுக்கும் அடியானுக்கும் இடையிலுள்ள பொறுப்பு வேறு என்று பிரித்தே வைத்துள்ளனர். வழக்கில் வெல்பவன் அங்கே வெல்வான் என்பதில்லை.

ஆனால் “எனக்கு யாரும் சொல்லவில்லையே” என்பதற்கு நூல் விடை போதாது. அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஏமாற்றப்பட்டவன் தனக்கு நேர்ந்ததை யாரிடமாவது ஈடுகட்டிக்கொள்ள நினைக்கிறான். விற்றவரோ கைக்கெட்டாத தூரம் போய்விட்டார். ஆயினும் ஒருவர் பட்ட கடனை வேறொருவரிடம் வசூலிக்கும் உரிமை எந்தச் சட்டத்தில் இருக்கிறது? ஷார்ஜாவிலிருந்து வருபவர் இவருக்கு ஒரு காசும் கடன்பட்டவரல்லர். இவரைப் போலவே கட்டண உயர்வுக்கும் வேலையிழப்புக்கும் அஞ்சி, இரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வருபவர். இதை அவரிடம் சொன்னேன். சொல்லும்போதே என் நா தடுமாறிற்று. அவருக்கு உரிய ஈடு யாரிடமிருந்து வர வேண்டும் என்று கணக்கெடுத்தால் என் பெயரும் அதில் வரும். “நான் வந்து கேட்டிருக்க வேண்டும், தவறு என்னுடையது” என்று முதன்முறையாக அன்றுதான் அவரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் மறுமொழி கூறவில்லை.

மறுநாள் காலை கூடத்தில் நால்வர் அமர்ந்திருந்தோம். தரகர் பேசிக்கொண்டே இருந்தார். தாம்பரம் 2021இல் மாநகராட்சியானது, கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 இறுதியில் திறக்கப்பட்டது, விலை இனி ஏறுமேயன்றி இறங்காது என்றெல்லாம் அடுக்கினார். மாணவர் தேநீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். நான் சொல்வேன் என்று அவர் காத்திருந்தாரோ என்னவோ. சபையில் ஒருவருடைய பொருளைக் குறை கூறுவது எப்படி என்று ஒரு சாக்கு என் உள்ளத்தில் ஓடியதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

சமையலறையிலிருந்து குரல் கேட்டது. வந்த பெண்மணி, “மழைக்காலத்தில் எப்படி லாத்தா?” என்று கேட்டிருக்கிறார். மாணவரின் மனைவி தம் இடுப்பில் கை வைத்துக் காட்டி, “போன டிசம்பரில் இதுவரை வந்தது. அதற்கு முன்னால் இன்னும் மேலே என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். ஆற்றை இப்போது அகலப்படுத்தியிருக்கிறார்கள். இனி எப்படியோ தெரியாது. நீ பிள்ளைகளை வைத்திருக்கிறாய், தெரிந்துகொண்டு வாங்கு” என்றார். குரலைத் தாழ்த்திச் சொல்லவில்லை. கூடத்தில் எல்லார் காதிலும் விழுந்தது. தரகர் பேச்சை நிறுத்தினார்.

2018இல் நான் வீடு பார்க்கப் போனபோது இந்த அம்மையார் தம்மாமில் இருந்தார். வாங்கலாமா என்று அவரிடம் கணவர் கேட்டாரா என்பதை நான் விசாரிக்கவில்லை. நாளெல்லாம் அந்த வீட்டிலிருந்து அந்தத் தண்ணீரை அள்ளி ஊற்றப் போகிறவர் அவர்தான் என்பது அன்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

வந்தவர்கள் மரியாதையாக விடைபெற்றுச் சென்றார்கள். ஊரப்பாக்கத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள் என்று பின்னர் கேள்விப்பட்டேன். என் மாணவரின் வீடு இன்னும் விலைபோகவில்லை. தரகர் வருவதை நிறுத்திவிட்டார். ஐப்பசி பிறந்ததும் அரிசி மூட்டையும் சான்றிதழ்ப் பெட்டியும் பரணுக்கு ஏறிவிடுகின்றன. சென்ற முறை நான் போயிருந்தபோது, பச்சைச் சுவரில் கரிக்கட்டியால் கிழித்த ஒரு கோடு இருந்தது. இளைய மகன் இழுத்தது. தண்ணீர் நின்ற இடம். யாரும் அதை அழிக்கவில்லை.