சுகம் வராத வீட்டில் தேவன் எங்கே?



நம்முடைய எழுப்புதல் மடலில் மாதாமாதம் சாட்சிப் பக்கம் வருகிறது. கட்டி கரைந்தவர்கள், கர்ப்பத்தின் கனி பெற்றவர்கள், தறிக்கடன் அடைத்தவர்கள் எழுதுகிறார்கள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! அது வர வேண்டும், இன்னும் அதிகமாய் வர வேண்டும். ஆனால் உபவாசித்து ஜெபித்தும், எண்ணெய் பூசி ஜெபித்தும், கன்வென்ஷனுக்குக் கன்வென்ஷன் போய் வந்தும் சுகமாகாதவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு நம்மிடத்தில் ஒரு பக்கமும் இல்லை. அவர்கள் ஆராதனையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆமென் சொல்லி முடிக்குமுன் எழுந்து போய்விடுகிறார்கள். சில பேர் வருவதையே விட்டுவிட்டார்கள். ஏம்மா வரலை என்று ஒரு தாயாரைக் கேட்டேன். "வந்தா எல்லாரும் இன்னும் சரியாவலையான்னு கேக்கறாங்க பாஸ்டர். ஆவலைன்னு சொன்னா என்னை ஒரு மாதிரி பாக்கறாங்க" என்றார்கள்.

இதைப் படித்துவிட்டு, பாஸ்டர் சுகமளிக்கும் ஊழியத்தை விட்டுவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் சுகத்தை விசுவாசிக்கிறவன். டாக்டர் கைவிட்ட பிள்ளை எழுந்து தறிக்குழிப் பக்கம் விளையாடினதைக் கண்ணால் கண்டவன். இன்றைக்கும் வியாதியஸ்தர் தலைமேல் கை வைத்துத்தான் ஜெபிக்கிறேன், நாளைக்கும் வைப்பேன். என் கேள்வி வேறே. தேவன் அன்பாயிருக்கிறார், நம்மோடு இருக்கிறார் என்று பிரசங்கிக்கிறோம். சுகம் வந்த வீட்டில் அவர் வந்தார் என்கிறோம், சரி. சுகம் வராத வீட்டில் அவர் எங்கே இருந்தார்?

நம் பக்கத்து கிராமத்தில் ஒரு சகோதரன் இருக்கிறான். பேர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். புளி உலுக்க மரம் ஏறினவன் கிளை முறிந்து விழுந்தான். முதுகெலும்பில் அடி, இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. இருபத்தொரு நாள் சபை அவனுக்காக உபவாசித்தது. தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறிக் கதறினோம். கால் அசையவில்லை. அதற்குப் பிறகுதான் ஆலோசனைக்காரர்கள் வந்தார்கள். ஒருத்தர், மறைவான பாவம் ஏதாவது இருக்கும், அறிக்கை பண்ணு என்றார். இன்னொருத்தர், விசுவாசம் பத்தலை என்றார். வெளியூரிலிருந்து வந்த ஒரு ஊழியர், மாத்திரை இருக்கிறவரைக்கும் விசுவாசம் வேலை செய்யாது என்று சொல்லிவிட்டுக் காணிக்கையோடு போய்விட்டார். அந்த மனுஷன் பத்து நாள் மாத்திரையை நிறுத்தி, ஜுரம் வந்து, பிழைத்தது கிருபை.

பாவம்தான் காரணம் என்கிறவர்கள் யோவான் 9-ஐ ஒரு தரம் வாசிக்கட்டும். பிறவிக்குருடனைப் பார்த்து சீஷர்கள் கேட்டதும் இதே கேள்விதான். ஆண்டவர் அதை அங்கேயே தள்ளிவிட்டார். நான் அதில் இன்னும் நேரம் செலவழிக்கப் போவதில்லை.

விசுவாசம் பத்தலை என்கிற பேச்சுதான் நம் சபைகளில் ஆழமாக வேர் விட்டிருக்கிறது. அப்போஸ்தலர் 19-ல் பவுலின் சரீரத்தில் பட்ட உறுமால்களைக் கொண்டுபோய்ப் போட்டார்கள், வியாதிகள் நீங்கிப்போயின என்று இருக்கிறது. அது நடந்தது எபேசு பட்டணத்தில். அதே எபேசுவைச் சேர்ந்தவன் துரோப்பீமு, பவுலோடுகூட ஊழியத்தில் நடந்தவன். அவனை மிலேத்துவில் வியாதியோடே விட்டுவிட்டு வந்ததாக பவுல் தன் கடைசி நிருபத்தில் எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). உறுமால் பட்டவர்கள் எழுந்தார்கள், கூடவே நடந்தவன் படுத்திருந்தான். யாருக்கு விசுவாசம் பத்தவில்லை? துரோப்பீமுவுக்கா, பவுலுக்கா? பவுல் இரண்டு பேரையும் குற்றப்படுத்தவில்லை. தீமோத்தேயுவின் வயிற்றுக்கு அவர் சொன்னது கைவைத்தியம். தன் சொந்த முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை, கிருபை வந்தது.

நம் தமிழ்நாட்டு விசுவாசிகள் சகோதரர் டி.ஜி.எஸ். தினகரன் அவர்களை மறக்க முடியாது. லட்சக்கணக்கான பேர் சுகத்துக்காக அவருடைய கூட்டங்களில் நின்றார்கள். அவரோ வருஷக்கணக்காக வியாதியோடே போராடினார். 1986-ல் தன் மகளை ஒரு சாலை விபத்தில் பறிகொடுத்தார். 2008-ல் மரிக்கிறவரைக்கும் பிறருக்காக ஜெபிப்பதை நிறுத்தவில்லை. அவருக்கு விசுவாசம் பத்தலை என்று சொல்ல நம்மில் யாருக்கு நாக்கு வரும்? அவருக்குச் சொல்லத் துணியாததை, புளியமரத்திலிருந்து விழுந்த கூலிக்காரனுக்கு மாத்திரம் ஏன் சொல்கிறோம்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வருத்தப்பட வேண்டாம். ஆடிக் கிருத்திகைக்கு நம் அக்கம்பக்கத்தார் காவடி எடுத்துத் திருத்தணி மலையில் 365 படி ஏறுகிறார்கள். அவர்கள் வழி வேறு, நம் வழி வேறு. ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். போன வருஷம் வேண்டினது நடக்காதவரும் இந்த வருஷம் ஏறுகிறார். உனக்கு பக்தி பத்தலை என்று கூட ஏறுகிறவர் சொல்லி நான் கேட்டதில்லை. பையை வாங்கிக்கொண்டு கை கொடுத்து ஏற்றிவிடுகிறார்.

யோபின் சிநேகிதர்களை நாம் திட்டியே பழகிவிட்டோம். (வேதாகமக் கல்லூரியில் டிப்ளமா படித்தபோது யோபு புத்தகத்துக்குக் கொடுத்தது இரண்டே வகுப்பு. தசமபாகத்துக்கு நாலு.) ஆனால் அந்த மூன்று பேர் முதலில் செய்த காரியம் பெரிது. ஏழு நாள், ராப்பகல், தரையில் அவனோடு உட்கார்ந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. நம்மில் ஏழு நிமிஷம் பேசாமல் உட்காரத் தெரிந்தவர் யார்? காரியம் கெட்டது அவர்கள் வாயைத் திறந்து, தேவனுக்கு வக்கீலாக மாறினபோதுதான். கடைசியில் கர்த்தருடைய கோபம் கேள்வி கேட்ட யோபின்மேல் வரவில்லை. பதில் வைத்திருந்தவர்கள்மேல் வந்தது.

சோளிங்கர் வழியாக வேலூருக்கு பஸ் ஏறாத குடும்பம் நம் பக்கத்தில் அபூர்வம். சி.எம்.சி. ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்தவர்கள் நாம். ஆனால் அங்கே இருந்த டாக்டர் மேரி வர்கீஸ் அம்மாவைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியாது. கேரளத்தில் கொச்சிப் பக்கம் பிறந்து, வேலூரில் படித்து டாக்டரானவர். 1954 ஜனவரியில் கூட வேலை செய்த டாக்டர்களோடு வண்டியில் போகும்போது வண்டி கவிழ்ந்தது. முகம் கிழிந்தது, முதுகெலும்பு அடிபட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் இல்லை, அசைவும் இல்லை. வயது முப்பதுகூட ஆகவில்லை. ஜெபத்தோடு வேலை தொடங்குகிற ஆஸ்பத்திரி அது, அவருக்காக ஜெபிக்க ஆளில்லாமல் இல்லை. ஆனால் கால் வரவில்லை. 1986-ல் மரிக்கிறவரைக்கும் வரவில்லை.

அப்போது வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் இருந்தார். கொல்லிமலையில் மிஷனெரிகளுக்குப் பிறந்தவர். குஷ்டரோகத்தால் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தினவர். வேலை செய்கிற தசைநாரை எடுத்து, செத்துப்போன தசை செய்ய வேண்டிய வேலைக்கு மாற்றித் தைக்கிற ஆபரேஷன். உட்கார்ந்துகொண்டே செய்யக்கூடியது. காலைப் பற்றி யாரும் வாக்குக் கொடுக்க முடியாத நேரத்தில், மேரி அம்மாவிடம் மீதியிருந்த கைக்கு அவர் வேலை காட்டினார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அந்த அம்மா குஷ்டரோகிகளின் கைகளை நிமிர்த்தினார்கள். ஊர் தொடப் பயந்த கைகள்! பிறகு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்குப் போய், கால் விளங்காமலே தன் காரியத்தைத் தானே பார்க்கப் பழகினார்கள். அதற்குப் பின் நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார்கள். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. முதுகெலும்பு அடிபட்டவர்கள் தங்கிப் பயிற்சி பெற நம் தேசத்தில் ஏற்பட்ட முதல் நிலையம் அது. 1972-ல் அரசாங்கம் பத்மஸ்ரீ கொடுத்தது.

இங்கேதான் நாம் கவனமாயிருக்க வேண்டும். இந்தச் சரித்திரத்தைச் சொன்ன உடனே, "பாத்தீங்களா, இதுக்குத்தான் ஆண்டவர் அந்த விபத்தை அனுமதிச்சார்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். எனக்கு அது சம்மதமில்லை. ஒரு கட்டிடம் எழும்புவதற்காகப் பரமபிதா ஒரு பெண்ணின் முதுகெலும்பை முறித்தார் என்று நான் பிரசங்கிக்க மாட்டேன். பிள்ளைக்கு அப்பத்துக்குப் பதில் கல்லைக் கொடுக்காத தகப்பன் அவர். வண்டி கவிழ்ந்தது தீமைதான். அந்தத் தீமைக்குள்ளும் அவர் விட்டுப்போகவில்லை என்பது வேறு காரியம், அதை நான் விசுவாசிக்கிறேன். ரோமர் 8:28-ஐப் படுத்த படுக்கையாய் இருக்கிறவன் தானே சொன்னால் சாட்சி. நல்ல காலோடு நடந்து போய் நாம் அவனுக்கு அதைச் சொன்னால், அது அவன் தலைமேல் வைக்கிற கல். லாசருவை இன்னும் சற்று நேரத்தில் எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கண்ணீர் விட்டாரே! முடிவு நல்லது என்று தெரிந்தவரே அழுதார். முடிவு தெரியாத நாம் விளக்கம் சொல்கிறோம்.

அப்படியானால் சுகம் வராத வீட்டில் அவர் எங்கே? மத்தேயு 25-ல் ராஜா நியாயந்தீர்க்கிற இடத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். வியாதியாய்க் கிடந்தது தாமே என்கிறார். கட்டிலருகே நிற்கிறவராக அல்ல, கட்டிலில் படுத்திருக்கிறவராகத் தம்மைக் காட்டுகிறார். நம்மிடம் அவர் கேட்கிற கணக்கு, சுகமாக்கினாயா என்பது இல்லை, வந்து பார்த்தாயா என்பது. சுகமாக்குகிறது அவர் வேலை, செய்வார், செய்யாதிருப்பார், காரணம் அவரிடத்தில். வருவது நம் வேலை. அதற்கு வரம் வேண்டாம், அபிஷேகத்துக்குக் காத்திருக்க வேண்டாம். நம் ஆராதனையில் பிரசன்னம் இறங்கினால் நமக்குத் தெரியும், உடம்பு சிலிர்க்கும், கண்ணீர் வரும், அந்நிய பாஷை பொங்கும். அது மெய். மூத்திரப் பையை மாற்றுகிற இடத்தில் சிலிர்ப்பு ஒன்றும் இருக்காது, நாற்றம்தான் இருக்கும். அங்கே அவர் இல்லை என்று சொல்லிவிடாதிருங்கள்.

இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனவருக்கு அழுத்தம் தெரியாது, வலி தெரியாது. குஷ்டரோகியின் கை சுட்டாலும் தெரியாததுபோலத்தான். ஒரே பக்கமாய்க் கிடந்தால் தோல் செத்து, புண்ணாகி, எலும்பு வரைக்கும் போகும். படுக்கைப் புண்ணிலிருந்து கிருமி ரத்தத்தில் ஏறி உயிரே போகும். அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். பகலில் மாத்திரமில்லை, ராத்திரியிலும். அந்தச் சகோதரனின் மனைவி பகலெல்லாம் நூல் சுற்றுகிறாள். ராத்திரி பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு. ஒண்டியாய் அவனைப் புரட்டிப் புரட்டி அவள் முதுகும் போய்க்கொண்டிருக்கிறது. "ஜெபம் பண்ண நிறையப் பேர் வந்தாங்க பாஸ்டர், நல்லதுதான். ஒரு ராத்திரி நான் தூங்கினா போதும்" என்று அவள் சொன்னாள். விசுவாசம் பத்தலை என்று அவளிடம் யார் போய்ச் சொல்வது? நாலு மணிக்கு எழும்புகிற அந்த விசுவாசத்துக்கு முன்னால் நம்முடைய இருபத்தொரு நாள் உபவாசம் எம்மாத்திரம்?

ஆகவே மூப்பரோடும் வாலிபர் குழுவோடும் பேசி ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். திங்கள், புதன், சனி ராத்திரிகளுக்கு வாலிபப் பையன்கள் பேர் கொடுத்துவிட்டார்கள். வெள்ளி முழு இரவு ஜெபம் இருப்பதால், ஜெபத்தின் நடுவிலேயே இரண்டு இரண்டு பேராய் எழுந்து போய் வருவார்கள். அதை ஜெபத்துக்கு இடைஞ்சல் என்று யாரும் முணுமுணுக்க வேண்டாம். ஞாயிறு நான் போகிறேன். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் ஆள் வேண்டும். ராத்திரி ஷிப்ட் விசைத்தறி ஓட்டுகிற சகோதரர்கள் டீ குடிக்க எழும்புகிற நேரம்தான், சைக்கிளில் போனால் கால் மணி. புரட்ட இரண்டு பேர் வேண்டும், பத்து நிமிஷ வேலை. எங்கே பிடிக்க வேண்டும், முழங்காலுக்கு நடுவே தலையணையை எப்படி வைக்க வேண்டும் என்று அவன் மனைவி முதல் தரம் காட்டிக்கொடுப்பாள். ஆராதனை முடிந்தபின் என்னிடம் பேர் கொடுங்கள். போகிறவர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, தொட்டித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டு உள்ளே போங்கள். கதவு தாழ் போட்டிருக்காது. அவள் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்ப வேண்டாம்.