காப்பீடு இருந்தவருக்கே கடன்

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கென்று ஒரு நலத்துறையும் அதன்கீழ் தனி மருத்துவமனைகளும் உண்டு. ஆனால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவரை ஆம்புலன்ஸ் பக்கத்திலிருக்கும் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோகும். பணம் கட்டினால்தான் சிகிச்சை என்று அங்கே அவரைத் திருப்பி அனுப்ப முடியாது; 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சிகிச்சை கிடைத்துவிடும். தகராறெல்லாம் பில் வந்த பிறகுதான்.

பணியில் பட்ட காயத்துக்கோ அதனால் வந்த நோய்க்கோ வெளியில் அவசர சிகிச்சை பெற்றால் பணம் தரத் தனிச் சட்டப்பிரிவு இருந்தது. மற்ற நோய்களுக்கு வழி திறந்தது 1999-இல் வந்த மில்லினியம் சட்டம். அதன் அளவுகோல் நியாயமானது: டாக்டர் பின்னால் என்ன கண்டுபிடித்தார் என்று அது பார்ப்பதில்லை, விவரமுள்ள ஒரு சாதாரண மனிதர் அந்த நேரத்தில் 'தாமதித்தால் ஆபத்து' என்று பயந்திருப்பாரா என்றுதான் பார்க்கிறது. மாரடைப்பென்று ஓடியவருக்கு வெறும் வாயுத்தொல்லை என்று தெரியவந்தாலும் அதைக் காட்டிப் பணத்தை மறுக்கக் கூடாது.

இவ்வளவு தாராளம் காட்டிய சட்டம், நிபந்தனைகளில் கையை இறுக்கிக்கொண்டது. நலத்துறையில் பெயர் பதிந்திருக்க வேண்டும். முந்தைய 24 மாதங்களுக்குள் அதன் மூலம் சிகிச்சை பெற்றிருக்க வேண்டும். அதாவது, இரண்டு வருடம் ஆரோக்கியமாக இருந்தவருக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை! பெயர் பதிந்துவிட்டு முதல் சந்திப்புக்குக் காத்திருக்கும்போது விழுந்தவருக்கும் பல ஆண்டுகள் அதே கதிதான் இருந்தது. தகுதியுள்ளவருக்குப் பணம் கொடுத்தே தீர வேண்டும் என்பதும் 2008-இல்தான் கட்டாயமானது.

வினோதமான நிபந்தனை வேறொன்று. இன்னொரு காப்பீடு பில்லில் ஒரு பகுதியைக் கட்டினாலும் நலத்துறை ஒதுங்கிக்கொள்ள முடிந்தது. காப்பீடே இல்லாதவருக்கு உதவி, அரைகுறைக் காப்பீடு உள்ளவருக்குக் கடன். இதைச் சரிசெய்ய 2010-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. துறையோ தன் பழைய விதியை விடவில்லை. மின்னசோட்டாவைச் சேர்ந்த ஒரு முன்னாள் விமானப்படை வீரருக்கு அதே ஆண்டு இதய அறுவை சிகிச்சை நடந்தது. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் கட்டியதுபோக, சுமார் 48,000 டாலர் அவர் தலையில் விழுந்தது. அவர் தொடுத்த வழக்கில், முன்னாள் படைவீரர் கோரிக்கைகளுக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம், துறையின் விதி சட்டத்துக்கு முரண் என்று 2016-இல் தீர்ப்பளித்தது.

2018-இல் விதி மாறியது. கூடவே, நோயாளி கையிலிருந்து கட்ட வேண்டிய பங்குகளைத் தர மாட்டோம் என்ற புது வரியும் முளைத்தது. அதையும் அதே நீதிமன்றம் 2019-இல் செல்லாது என்றது. அந்த உத்தரவை 2022-இல் அதற்கும் மேலுள்ள நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்காட வசதியில்லாதவர்கள் நிலை? 2017-இல் ஆறு மாதங்களில் நிராகரிக்கப்பட்ட அவசர சிகிச்சைக் கோரிக்கைகளில் சுமார் 31 சதவீதம் தவறாகக் கையாளப்பட்டவை என்று துறையின் சொந்தத் தலைமை ஆய்வாளர் அலுவலகமே மதிப்பிட்டது.

நிபந்தனைகளைத் தளர்த்த முடியாது என்றில்லை. தற்கொலையின் விளிம்பில் இருப்பவருக்காக 2020-இல் நிறைவேறி, 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த காம்பாக்ட் சட்டம், துறையில் பெயர் பதியாதவருக்கும் பொருந்தும். எந்த ஆஸ்பத்திரியானாலும் 30 நாள் வரை உள்நோயாளியாகவும் 90 நாள் வரை வெளிநோயாளியாகவும் செலவு துறையுடையது.