பூந்தோட்டமும் இரண்டாம் சீலமும்

விடுமுறை நாளில் மனைவி மக்களுடன் பெங்களூர் லால்பாக் தோட்டத்திற்குச் சென்று வருதல் பங்காருபேட்டை, மாரிக்குப்பம், உரிகம் பகுதிகளில் வாழும் நம் குடும்பத்தாரிடையே வழக்கமாகிவிட்டது. காலையில் ரயிலேறினால் இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். இது குறித்து உபாசக அன்பர்கள் எம்மிடம் இரண்டு வினாக்களை எழுப்புகின்றனர். மலரைக் கண்டு மகிழ்தல் பற்றை வளர்க்காதோ என்பது ஒன்று. அங்கிருந்து ஒரு கொம்பை ஒடித்து வந்து வீட்டில் நட்டால் அது களவாகுமோ என்பது மற்றொன்று.

முதல் வினாவிற்கு விடை எளிது. அட்டசீலம் காக்கும் உபோசத நாளில் மாலை சூடுதலையும் நறுமணம் பூசுதலையும் விலக்குகின்றோம். அது நம் உடலை அழகு செய்வதைப் பற்றியது. செடியில் பூத்திருப்பதைக் கண்ணால் காண்பதற்கு அதில் தடையில்லை. பகவன் பிறந்தது லும்பினிச் சோலையில். போதி பெற்றது அரச மரத்தடியில். முதலில் அறமுரைத்தது மான்கள் உலவிய வனத்தில். உடல் நீத்தது இரு சால மரங்களின் இடையில். இறுதி நாட்களில் வேசாலி நகரம் இனிது, அதன் சேதியங்கள் இனியன என்று அவரே ஆனந்தருக்குக் கூறினார். இனிதென்று கண்டபின் 'இது எனக்கு வேண்டும்' என்ற எண்ணம் எழுமாயின் அங்கே பற்றுத் தொடங்குகின்றது. இரண்டாம் வினா அவ்விடத்தில்தான் பிறக்கின்றது.

லால்பாக் 1760 ஆம் ஆண்டில் ஹைதர் அலியால் தொடங்கப்பெற்றது. அவர் மகன் திப்பு சுல்தான் பல நாடுகளிலிருந்து விதைகளும் கன்றுகளும் வருவித்து அதை விரிவாக்கினார். கண்ணாடி மாளிகைக்கு 1889 இல் அடிக்கல் நாட்டினர். நம் பெண்மக்கள் பெங்களூர்க் கத்தரிக்காய் என்று கூறிக் கூட்டில் இடுகின்ற சௌசௌ, ஜான் கேமரன் என்பவர் கண்காணிப்பாளராக இருந்த காலத்தில் இத்தோட்டத்தின் வழியாகவே பரவிற்று என்பர். இன்று 240 ஏக்கர் அளவில் விரிந்துள்ள இவ்விடம், அரசர் குடும்பம் உலவிய நிலை மாறி எல்லார்க்கும் உரியதாயிற்று. கெம்பெகவுடர் கோபுரம் நிற்கும் பாறை ஏறத்தாழ 300 கோடி ஆண்டு பழமையுடையதென நிலநூலார் கூறுகின்றனர். சுரங்கத்தில் உழைத்த நம் முதியோர் மலரினும் அப்பாறையையே நெடுநேரம் தடவிப் பார்ப்பதை யாம் கண்டுள்ளோம். அவர்கள் கை அறிந்தது அதுவன்றோ!

எம் குடும்பத்தாருடன் அங்குச் சென்றிருந்தபோது, எம் மைத்துனர் குரோட்டன்ஸ் செடியொன்றின் கொம்பை ஒடித்து, ஈரத்துணியில் சுற்றிப் பையில் வைத்தார். யாம் காரணம் வினவினோம்.

"ஒரு சாண் கொம்பு, மாமா. செடிக்கு நட்டமில்லை, நாளையே துளிர்க்கும். மரமற்ற நம் ஊரில் இதை நட்டுப் பிழைக்க வைத்தால் புண்ணியமன்றோ? நம் மண்ணிலிருந்து எண்ணூறு டன்னுக்கு மேல் பொன்னை எடுத்துச் சென்றவர்களை எவரும் கேட்கவில்லை. அவர்கள் விட்டுப்போன சயனைடு மணல்மேட்டின் தூசியை நம் பிள்ளைகள் இன்றும் காற்றடிக்கும்போது விழுங்குகின்றனர். அவர்களை விட்டுவிட்டு என் கொம்பைக் கேட்கின்றீர்களே!"

இச்சொல்லில் உள்ள நியாயத்தை யாரும் இலேசாகத் தள்ளிவிட முடியாது. 1880 ஆம் ஆண்டு முதல் கம்பெனியார் தோண்டிய சுரங்கங்கள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கின. சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் 1902 இல் முதலில் இங்கு வந்தது. பெங்களூருக்கு 1905 இல்தான் கிடைத்தது. பொன்னுக்காக வந்த வெளிச்சம் அது. மேலே ஏறி வரும் தொழிலாளியோ பொன் துகளை மறைத்துள்ளானோ என்று சோதிக்கப்பட்டான். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. ஒரு துகளுக்காகச் சோதிக்கப்பட்டவனின் பிள்ளைகள் வேலை தேடி நாள்தோறும் பெங்களூர் ரயிலில் நிற்கின்றனர். கொடாததைக் கொண்டவர் யார் என்று இவ்வூரார் கேட்பது இயல்பே.

இதே வழக்கைச் சம்யுத்த நிகாயத்தில் ஒரு பிக்கு வாதிட்டிருக்கின்றார். கோசல நாட்டுக் காட்டில் தங்கியிருந்த அவர், உண்டபின் ஒரு பொய்கையில் இறங்கித் தாமரையை முகர்ந்தார். அக்காட்டில் உறைந்த தேவதை, கொடுக்கப்படாததை முகர்ந்த நீர் மணத்தைத் திருடியவர் என்றது. பிக்கு திகைத்தார். தாம் பூவைப் பறிக்கவுமில்லை, ஒடிக்கவுமில்லை. தண்டையும் கிழங்கையும் தோண்டி எடுப்பவனை ஒன்றும் கூறாமல் தம்மை ஏன் திருடன் என்கிறாய் என்று கேட்டார். கொடுஞ்செயலில் ஊறியவனிடம் தனக்குப் பேச்சில்லை என்றும், மாசற்றிருக்க முயல்பவருக்கு மயிர்நுனியளவு தீமையும் மேகம்போல் தோன்றுமென்றும் தேவதை விடையளித்தது. பிக்கு மகிழ்ந்து, இனியும் இவ்வாறு கண்டால் எச்சரிக்க வேண்டுமென வேண்டினார். நான் உம்மிடம் கூலிக்கு அமர்ந்தவளல்லள், நீரே அறிந்துகொள்க என்று சொல்லி அது விலகிற்று.

கிழங்கைத் தோண்டியவன் குற்றமற்றவன் என்று அத்தேவதை எவ்விடத்தும் கூறவில்லை என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். அவன் கணக்கு அவனுடையது. அதைச் சட்டத்தாலும் சங்கத்தாலும் கேட்க வேண்டிய கடமை நமக்குண்டு, கேட்டும் வருகின்றோம். ஆனால் அவனது பெருங்களவைக் காட்டி நமது சிறுகளவைக் கழித்துக்கொள்ளும் கணக்கைச் சீலம் ஏற்பதில்லை. லால்பாக்கின் கொம்போ கம்பெனியாரின் உடைமையுமன்று. பங்காருபேட்டைத் தொழிலாளியின் குழந்தையும் பார்ப்பதற்கென அங்கு நிற்பது அது. ஒருவர் ஒடித்தால் நட்டமில்லை. ஞாயிறன்று வருகின்ற ஆயிரவரும் ஒடித்தால்?

நல்ல நோக்கத்திற்காக எடுத்தேன் என்பதற்கும் நம் மரபில் விடையுண்டு. அசோக மன்னர் தமது இரண்டாம் பாறைக் கல்வெட்டில் மூலிகைகளும் கனிமரங்களும் இல்லாத இடங்களுக்கு அவற்றை வருவித்து நடச் செய்ததைப் பொறித்தார். சோழர், பாண்டியர் நாடுகளும் அதில் குறிக்கப்பட்டுள்ளன. அது மறைவில் ஒடித்த கொம்பன்று. ஊரறியச் செய்த ஈகை.

பொன்னூராராகிய நமக்கு அநாதபிண்டிகர் வரலாறும் நினைவுக்கு வர வேண்டும். சாவத்தியில் சங்கத்திற்கெனச் சோலை தேடியபோது, நிலம் முழுதும் பொன் பரப்பினாலன்றித் தருவதற்கில்லை என்றான் ஜேத குமாரன். அவ்வணிகர் வண்டி வண்டியாகக் காசுகளைக் கொணர்ந்து பரப்பினார். வாயிலருகே சிறிது நிலம் எஞ்சியது. அதைக் குமாரனே மனமுவந்து கொடுத்தான். இக்காட்சி பாரூத் தூபத்தின் கல்வேலியில் செதுக்கப்பட்டுக் கல்கத்தா அருங்காட்சியகத்தில் உள்ளது. அங்கே பொன் மண்ணின்மேல் இறங்கிச் சோலையாயிற்று. நம் ஊரில் பொன் மண்ணிலிருந்து ஏறிச் சாம்பல்நிற மேடாயிற்று. சோலை நடுவோர்க்கு இரவும் பகலும் புண்ணியம் பெருகுமெனப் பகவன் உரைத்திருப்பதால், இந்த மேட்டின் அடிவாரத்தில் மரம் வைப்பதே நமக்கேற்ற தானம் என்று யாம் கருதுகின்றோம்.

எம் மைத்துனர் அன்று ஒன்றும் பேசவில்லை. வெளியேறும் முன் நாற்று விற்குமிடத்தில் இரண்டு கன்றுகளை விலைக்கு வாங்கினார். கொம்பை என்ன செய்தார் என்று யாம் கேட்கவில்லை. தேவதை கூறியதைப்போல் அவரே அறிவார்.

கன்று வாங்க விரும்பும் அன்பர்கள் குரோட்டன்ஸை விட்டுப் புங்கன், வேம்பு, அரசு ஆகியவற்றைத் தேர்க. வேரைச் சுற்றிய மண் உதிராவண்ணம் ஈரச்சாக்கில் கட்டிக்கொள்க. மாலை வண்டியில் கூட்டம் மிகுதி, தளிர் நசுங்கும். ஆதலால் பகல் வண்டியில் திரும்புதல் நன்று.