மலையில் விட்ட பூ நம்ம கரைக்கு வரும்



ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். முருகன் குறிஞ்சி நிலத்துக் கடவுள்னு பள்ளிக்கூடத்துலயே படிச்சிருக்கோம். மலையும் மலை சார்ந்த இடமும் அவனோடது. அப்புறம் ஏன் இரண்டாம் படைவீடு மட்டும் அலை அடிக்கிற கரையில இருக்கு? "சூரசம்ஹாரம் நடந்த இடம்லா, அதான்"னு உடனே சொல்லுவீங்க. சரிதான். ஆனா அகஸ்தியர் அருவிக்கு நடந்து போனப்போ எனக்கு இன்னொரு பதிலும் தோணிச்சு.

தூத்துக்குடியில இருந்து நெல்லை, அம்பாசமுத்திரம் வழியா பாபநாசம் சுமார் 100 கிலோமீட்டர். அதைத் தாண்டினா களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். வனத்துறை செக்போஸ்ட்ல பையைத் திறந்து காட்டிட்டுதான் உள்ள போகணும். குற்றாலத்துக்கு சீசன் பார்த்துப் போவோம். இங்க அந்தக் கவலை இல்ல. பொதிகை மலைக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. அதனாலதான் தாமிரபரணி வற்றாத நதி. அருவிக்குப் பக்கத்துலயே நம்ம அப்பன் முருகனுக்கு ஒரு கோயில். கும்பிட்டுட்டு மேல படியேறினா கல்யாண தீர்த்தம். கயிலாயத்துல சிவபெருமான் கல்யாணத்துக்கு உலகமே திரண்டு வடக்கு தாழ்ந்துபோச்சு, அதைச் சமன் பண்ண அகத்தியர் தெற்கே வந்தார், அவருக்கு அந்தக் கல்யாணக் கோலத்தைக் காட்டின இடம் இதுன்னு தலபுராணம் சொல்லுது. முருகன்கிட்ட தமிழ் கேட்ட அதே அகத்தியர்தான்.

மேல நின்னு பார்த்தா பின்னால மலை அடுக்கு அடுக்கா நிக்கும். கீழ தண்ணி பாறையில விழுந்து வெள்ளையாகி, அப்புறம் ஆறாகி, கிழக்க வயக்காட்டைப் பார்த்துப் போகும். ரீல்ஸ் எடுக்க அருமையான இடம்தான், மறுக்கல. ஆனா ஒரு நிமிஷம் போனை இறக்கிட்டு அந்த ஆறு எங்க போகுதுன்னு யோசிச்சுப் பாருங்க. சேரன்மகாதேவி, நெல்லை, முறப்பநாடு, வல்லநாடு, ஸ்ரீவைகுண்டம், கடைசியில புன்னைக்காயல். செந்தூருக்கு வடக்க இருக்கிற நம்ம கடல். வல்லநாட்டுல எடுக்கிற தண்ணிதான் தூத்துக்குடி வீட்டுக் குழாய்ல வருது. நம்ம வீட்டுப் பெரியவங்க பேப்பரைப் பிரிச்சதும் பாபநாசம் அணை எத்தனை அடின்னு தேடுறது சும்மா இல்ல. 143 அடிக்கு எவ்வளவு குறையுதுங்கிறதுல நம்ம கோடைகாலம் இருக்கு.

இப்போ கதைக்கு வாரேன். நவகைலாயம் கேள்விப்பட்டிருப்பீங்க. அகத்தியரோட சீடர் உரோமச முனிவர். முக்தி வேணும்னு குருகிட்ட கேட்டார். பொருநையில ஒன்பது பூவை விடு, ஒவ்வொண்ணும் ஒதுங்குற இடத்துல சிவபூஜை பண்ணு, கடைசியில கடல் சங்கமத்துல நீராடுன்னு குரு சொன்னார். முதல் பூ பாபநாசத்துலயே ஒதுங்குச்சு. ஒன்பதாவது பூ அத்தனை ஊரையும் தாண்டி, ஆறு கடலைத் தொடப்போற இடத்துக்கிட்ட வந்து சேர்ந்துச்சு. அந்த ஊருக்குப் பேரே சேர்ந்தபூமங்கலம்! நம்ம தூத்துக்குடி மாவட்டம்தான். எத்தனை பேர் போயிருக்கோம்?

எனக்கு இது வெறும் புராணமாத் தெரியல. மலையில விட்டது கரைக்கு வந்தே தீரும்னு முனிவர் பூவை வச்சே காட்டிட்டுப் போயிருக்கார். எங்க வேலையில அப்ஸ்ட்ரீம், டவுன்ஸ்ட்ரீம்னு சொல்லுவோம். மேல ஒருத்தன் எதையாவது தெரியாம மாத்திட்டா, ராத்திரி ரெண்டு மணிக்குக் கீழ இருக்கிறவனுக்குப் போன் வரும். ஆறும் அப்படித்தான். நாம டவுன்ஸ்ட்ரீம்காரங்க.

முனிவர் பூ விட்டார். நாம என்ன விடுறோம்? பாபநாசம் படித்துறையில குளிச்சா பாவம் போகும்னு நம்பி, கட்டின துணியை ஆத்துலயே விட்டுட்டு வாராங்க. துணி மக்காம கல்லுல சிக்கிக் கிடக்கு. அதை அள்ளுறதுக்குன்னே ஆட்கள் இறங்க வேண்டியிருக்கு. பாவம் போச்சான்னு சிவனுக்குத்தான் தெரியும், துணி போகல. அருவியில ஷாம்பு பாக்கெட், சிப்ஸ் கவர். கோயில்ல அபிஷேக தீர்த்தம் ஒரு சொட்டு கீழ விழுந்தா மிதிச்சிருவோமோன்னு பதறுறோம். அதே தீர்த்தம் அருவியா விழும்போது மட்டும் ஏன் குளியலறை ஆயிருது?

நம்ம கரை சாதாரணக் கரையா? ஆத்து முகத்துல கொற்கை இருந்துச்சு, பாண்டியர் முத்துத் துறைமுகம். ஆறு கொண்டுவந்த மண்ணே கரையை வளர்த்து, இன்னைக்குக் கொற்கை கடலை விட்டு உள்ள தள்ளி நிக்குது. பொதிகைக்கு அவ்வளவு பலம். முத்துச் சலாபம் 1961-க்கு அப்புறம் நடக்கல. ஆனா பவளப்பாறையும் கடல்புல்லும் இன்னும் இருக்கு. 1986-ல அறிவிச்ச மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா, 21 தீவு, தூத்துக்குடி வரைக்கும். புலி நடமாடுற காட்டுல பிறந்த தண்ணி வந்து சேர்ற கடல் இதுதான்.

இப்போ முதல் கேள்விக்கு என் பதில். மலைக்காரன் மலையை விட்டு எங்கயும் வரல. மலைத்தண்ணி கூடவே இறங்கி, அது முடியுற கரையில நிக்கிறான். மேல அருவிக்கரையில ஒரு முருகன், கீழ செந்தூரான். நடுவுல ஒரே தண்ணி. மேல நாம என்ன பண்ணினாலும் கீழ அவன் பார்த்துட்டுத்தான் நிக்கிறான்.

இன்னொண்ணு, இதைக் கொஞ்சம் கடுமையாவே சொல்றேன். தடுப்பைத் தாண்டாதீங்க. வ.உ.சி.யோட காலத்து விடுதலை வீரர், கம்பனையும் குறளையும் கரைச்சுக் குடிச்ச வ.வே.சு. ஐயர், 1925-ல இதே பாபநாசம் அருவியிலதான் போனார். மகள் சுபத்திரை தண்ணியில விழ, காப்பாத்தப் போனவரும் திரும்பல. அவருக்கு வயசு 44. பாசிப் பாறைக்கு முன்னால வீரமெல்லாம் எடுபடாது. "முருகன் இருக்கான், பார்த்துப்பான்"னு சொல்லிக்கிட்டு வழுக்குப் பாறையில செல்ஃபி எடுக்கிறதுக்குப் பேரு பக்தி இல்ல மக்கா. அவன் கையில இருக்கிற வேல் ஞானம்னு எத்தனை பிரசங்கத்துல கேட்டிருக்கோம்!

போறவங்க காலையில சீக்கிரமே கிளம்புங்க. மழைக்காலம்னா வனத்துறை அனுமதி இருக்கான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க. சோப்பு, ஷாம்பு வேண்டாம். சாப்பாட்டை டிபன் பாக்ஸ்ல கட்டுங்க, குரங்கு பறிக்காம பிடிச்சுக்கோங்க. துணியை ஈரத்தோட பையில போட்டு வீட்டுக்கே கொண்டு வாங்க. திரும்புற வழியில நேரம் இருந்தா சேர்ந்தபூமங்கலம், அப்புறம் செந்தூர். கடல்ல முங்கிட்டு நாழிக்கிணத்துல நல்ல தண்ணி ஊத்திக்கும்போது, காலையில தலையில விழுந்த அருவி ஞாபகம் வரும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!