தீயும் திருவுளமும்

பாலிகஞ்சிலிருந்து வடக்கே சுமார் 25 கி.மீ. தொலைவில், ஹூக்ளியின் மேற்குக் கரையில் உள்ளது செராம்பூர். 1812 மார்ச் 11 அன்று அங்கிருந்த மிஷன் அச்சகம் தீக்கிரையாயிற்று. வில்லியம் கேரி பல்லாண்டு பாடுபட்டு எழுதிய அகராதி, இலக்கணக் கையெழுத்துப் படிகள் சாம்பலாயின. தமிழ் உள்ளிட்ட பல மொழிகளின் அச்செழுத்துகள் உருகிப்போயின. அடுத்த ஞாயிறன்று அவர் 46-ஆம் சங்கீதத்தை எடுத்துப் பிரசங்கித்தார். நம்மைத் தம் விருப்பப்படி நடத்த இறைவனுக்கு உரிமையுண்டு, அதை ஏற்பது நம் கடமை என்பதே அதன் சாரம். உருகிய உலோகத்தையே மீண்டும் வார்த்தனர். செய்தியறிந்த இங்கிலாந்திலிருந்து பொருளுதவி குவிந்தது.

'இதற்காகவே இறைவன் எரித்தார்' என்று நாம் எளிதில் கூறிவிடுகிறோம். அப்படியானால் கேரியின் மனைவி டாரதி? இந்தியா வர முதலில் மறுத்து, பின்னர் வற்புறுத்தலுக்கு இணங்கி வந்த அவ்வம்மையார், 1794-இல் ஐந்து வயது மகன் பீட்டரை இழந்தார், சித்தம் கலங்கினார், தேறாமலே 1807-இல் மறைந்தார். அத்துயருக்கு ஈடாக எந்த அச்சகத்தைக் காட்டுவது? திருவுளம் என்பதைத் துன்புறுபவர் தமக்கே சொல்லிக்கொண்டால் அது நம்பிக்கை. அருகிலிருப்பவர் அவருக்குச் சொன்னால் பெரும்பாலும் கொடுமை. சிலுவையில் இயேசுவே 'ஏன் கைவிட்டீர்' எனக் கேட்டார். அவ்வேளையில் விடை வரவில்லை. டாரதியின் சார்பில் ஒரு கிறிஸ்தவர் பற்றிக்கொள்ளக்கூடியது அந்தக் கேள்வியையும், அதைக் கேட்டவர் மூன்றாம் நாள் எழுந்தார் என்பதையுமே.