வேலிக்கு இருபுறமும்

ஒருவர் செய்த வினையின் பயனை மற்றொருவர் சுமப்பது நியாயமாகுமா? அறநூல்கள் தொன்றுதொட்டு எழுப்பிவரும் இக்கேள்வி ஏட்டில் மட்டும் வாழ்வதன்று. அந்தமான் தீவுகளில் காட்டோரம் நெல் விதைத்த ஒவ்வொரு குடும்பத்தின் வேலியருகிலும் அது விடை கேட்டு நிற்கிறது.

நாட்டுப் பிரிவினையால் கிழக்கு வங்கத்தில் வீடு வாசலை இழந்த மக்களை 1949-ஆம் ஆண்டு முதல் அரசு அந்தமானில் குடியமர்த்தத் தொடங்கியது. முதலில் தெற்கு அந்தமானிலும், பின்னர் ரங்கத், மாயாபந்தர், திக்லிபூர் பகுதிகளிலும் காடு திருத்தப்பட்டு ஊர்கள் எழுந்தன. குடும்பத்துக்குப் பொதுவாக 10 ஏக்கர். அதில் பாதி வயல், பாதி மேட்டுநிலம். பிற்காலத்தில், 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் தொடர்ச்சியாக இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில நிகோபாரின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்தை நம்பிக் குடியேறின.

அவ்வாறு கப்பலிலிருந்து இறங்கிய ஒரு கணவனையும் மனைவியையும் மனத்தில் கொள்வோம். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் மண். மூங்கில் வெட்டிக் குடிசை கட்டுகிறார்கள். வேர்களைத் தோண்டி வயலாக்குகிறார்கள். தென்னையும் பாக்கும் நடுகிறார்கள். நாற்று நட்டு, கதிர் பால்பிடிக்கும் வேளையில் ஒருநாள் இரவு வேலி முறிகிறது. விடிந்தபோது பாதி வயலை மான் தின்றிருக்கிறது. கிழங்குப் பாத்தியைப் பன்றி கிளறியிருக்கிறது. பரணில் அமர்ந்து தகரம் தட்டி இரவெல்லாம் கண்விழிப்பது அன்று முதல் அவர்களுடைய வாழ்வாகிறது. அவர்கள் யாருக்குத் தீங்கு செய்தார்கள்?

வந்தவர்களும் இருந்தவர்களும்

இக்கேள்விக்கு விடை தேடுமுன், வயலுக்குள் நுழைந்தவை யாவை என்று பார்க்க வேண்டும்.

புள்ளிமான் அந்தமானின் பூர்விக உயிரினம் அன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் அதைக் கொண்டுவந்து விட்டனர். பெருநிலத்தில் புலியும் சிறுத்தையும் செந்நாயும் மானின் எண்ணிக்கையை அளவுக்குள் வைக்கின்றன. அந்தமானில் அவை ஒன்றும் இல்லை. எனவே மான்கள் பெருகின. நீந்தித் தீவு தீவாகப் பரவின. வயலை மட்டும் அவை மேயவில்லை. காட்டின் இளங்கன்றுகளையும் மேய்ந்தன. முதுமரங்கள் சாயும்போது அவற்றின் இடத்தை நிரப்ப இளமரங்கள் இல்லாத நிலை சில இடங்களில் தோன்றியது.

இன்டர்வியூ தீவின் யானைகளும் அவ்வாறே. மரம் இழுப்பதற்காகத் தனியார் நிறுவனம் ஒன்று அவற்றைப் பெருநிலத்திலிருந்து கொண்டுவந்தது. 1962-ஆம் ஆண்டளவில் தொழில் நொடித்தபோது ஏறத்தாழ 40 யானைகள் அங்கேயே கைவிடப்பட்டன. பழகிய யானைகள் காட்டு யானைகளாயின. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் தீவுகளைப் பிடித்திருந்த காலத்தில் வந்த ராட்சத ஆப்பிரிக்க நத்தையோ, இன்றும் காய்கறித் தோட்டங்களை அழித்துவருகிறது.

ஒருவர் வேட்டையின்பத்துக்கோ அழகுக்கோ கொண்டுவந்தார். ஒருவர் இலாபத்துக்காகக் கொண்டுவந்து நட்டத்தில் விட்டுச் சென்றார். கொண்டுவந்தவர்கள் போய்விட்டார்கள். அவர்கள் வைத்த கடன் மட்டும் நின்றுவிட்டது. அதைக் கட்டும் பொறுப்பு பரணில் கண்விழிக்கும் தம்பதியின் தலையில் விழுந்தது. சற்று எண்ணிப் பார்த்தால், அந்தத் தம்பதியும் அந்த மானும் ஒரே விதியினர்: பிறருடைய முடிவால் கடல் கடந்து, கேளாமலே இங்கு வந்து சேர்ந்தவர்கள்.

ஆனால் இங்கேயே இருந்தவர்களும் உண்டு. அந்தமானின் காட்டுப்பன்றி நெடுங்காலமாக இம்மண்ணின் உயிர். உவர்நீர் முதலை சதுப்புக்காட்டு ஓடைகளின் பழங்குடி. யாவருக்கும் முன்பே, பல்லாயிரம் ஆண்டுகளாக இக்காடுகளில் வாழ்ந்துவருபவர்கள் ஜாரவா முதலிய தொல்குடி மக்கள். ஜாரவாக்களின் வாழிடம் 1957-ஆம் ஆண்டு காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் குடியிருப்புகளும் சாலையும் அவர்களை நெருக்கின. இரு தரப்பிலும் உயிர்கள் மாய்ந்தன. 1997-ஆம் ஆண்டின் இறுதிக்குப் பிறகே அவர்கள் பகைமையின்றி வெளிவரத் தொடங்கினர்.

சிபியின் தராசு

இத்தகைய சிக்கலில் அறம் எப்பக்கம் நிற்கும்? சோழர் தம் முன்னோனாகப் போற்றிய சிபியின் கதையை நாம் அனைவரும் அறிவோம். பருந்துக்கு அஞ்சிய புறா அவனிடம் அடைக்கலம் புகுந்தது. கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் புறாவையே நினைக்கிறார்கள். ஆனால் சிபியின் பெருமை பருந்தின் வழக்கையும் செவிமடுத்ததில் இருக்கிறது. பருந்தின் பசி பொய்யன்று. அதன் உணவைப் பறிப்பதும் தீங்கே என்பதை அவன் மறுக்கவில்லை. வேறு யாருடைய மாமிசத்தையும் அவன் தராசில் வைக்கவில்லை. தன் தசையையே அரிந்து வைத்தான்.

இக்கதை தரும் அளவுகோல் கூர்மையானது. பிறர் செலவில் காட்டும் கருணை கருணையாகாது. நகரத்தில் பாதுகாப்பாக அமர்ந்து, 'மான் மேய்ந்தால் மேயட்டுமே' என்று உழவனுக்கு உபதேசிப்பவர், உழவனின் தசையைத் தராசில் வைக்கிறார். அதுபோலவே, தன் இழப்பைத் தன்னினும் எளிய உயிரின் மேல் இறக்கிவைப்பவரும் சிபியின் வழியில் இல்லை.

இரண்டாவது வகைத் தவறு எவ்வளவு எளிதில் நிகழ்கிறது என்பதற்கு ஒரு சான்று போதும். விளைச்சலை இழந்தவர் காட்டோரத்தில் சுருக்குக் கண்ணி வைக்கிறார். கண்ணிக்கு மான் எது, பன்றி எது என்று தெரியாது. காட்டுப்பன்றியோ ஜாரவாக்களின் முக்கிய உணவு. ஆங்கிலேயர் வைத்த கடனை உழவர் சுமந்தார். உழவர் வைத்த கண்ணியால் அக்கடன் ஜாரவாவின் அடுப்புக்குச் சென்றது. துன்பம் எப்போதும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கே ஓடுகிறது. அதைத் தன்னளவில் நிறுத்துபவரே அறவோர்.

அப்படியானால் உழவர் பட்டினி கிடக்க வேண்டுமா? இல்லை. தன் குழந்தைகளுக்கு உணவளிப்பது இல்லறத்தானின் முதற்கடமை; அதைத் துறந்துவிட்டுச் செய்யும் தானம் தருமமாகாது. வேலி கட்டுவது இம்சையன்று. காவல் காப்பது இம்சையன்று. நம் முன்னோர் இல்லறத்தானுக்கு விதித்த ஐந்து வேள்விகளுள் பூத யக்ஞம் ஒன்று. பிற உயிர்களுக்கு உணவில் ஒரு பங்கு அளிப்பது அது. பங்கு என்னும் சொல்லிலேயே அளவு அடங்கியிருக்கிறது. முழுவதையும் பறிகொடு என்று அது கூறவில்லை. முழுவதையும் நீயே வைத்துக்கொள் என்றும் கூறவில்லை.

மான்களைக் குறைத்தாலன்றிக் காடு பிழைக்காது என்னும் நிலை வந்தால் என்ன செய்வது? மானிடம் காட்டும் இரக்கம் இளங்கன்றுகளிடம் காட்டும் கொடுமையாகிவிடக்கூடும். இதற்கு எளிய விடை கிடையாது. ஒன்று மட்டும் சொல்லலாம்: பசித்த ஒருவரின் கோபம் இருட்டில் செய்யும் முடிவாக அது இருக்கக் கூடாது. கடனை வைத்தது ஒரு ஆட்சி. தீர்ப்பதும் ஆட்சியின், சமுதாயம் முழுவதன் பொறுப்பு. ஆய்ந்து, வெறுப்பின்றி, உழவரின் இழப்பையும் ஈடுசெய்து எடுக்கும் முடிவே நேர்மையான முடிவு. காட்டின் மழையும் காற்றும் எல்லோருக்கும் பயன்படும்போது, காட்டோரத்தில் வாழ்வதன் விலையை ஒரு குடும்பம் மட்டும் செலுத்துவது முறையன்று.

நிலம் யாருடையது?

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் கடல் வேறொரு பாடம் கற்பித்தது. நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் தரை ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் போன்ற இடங்களில் தலைமுறைகளாக உழுத வயல்களுக்குள் உப்புநீர் புகுந்தது, மீண்டும் வடியவில்லை. ஏர் நடந்த வரப்புகள் நீருக்கடியில் போயின. நாரையும் கொக்கும் அங்கு வந்து இறங்கின. பட்டா என்னும் ஏடு கடலிடம் செல்லவில்லை. அந்தக் குடும்பங்களின் துயரம் பெரிது. அதை உபதேசத்தால் ஆற்ற முடியாது. எனினும் அந்த நீர்ப்பரப்பு நம் அனைவருக்கும் ஓர் உண்மையைச் சொல்கிறது: மண் மனிதனுக்கு உடைமையன்று, சிலகாலப் பொறுப்பு.

பொறுப்பு என்று உணர்ந்தவரின் வேலி வேறுவகையானது. உள்ளே வரும் உயிரை அது தடுக்கிறது. வெளியே பாயும் தன் ஆசையையும் தடுக்கிறது. 10 ஏக்கருக்கு அப்பால் இருப்பது இன்னொருவரின் வீடு என்பதை அது நாள்தோறும் நினைவூட்டுகிறது.

முன்னோர் வைத்த கடனைப் பெறாமல் எவரும் பிறப்பதில்லை. குடும்பத்திலும் ஊரிலும் நாட்டிலும் நாம் செய்யாத தவறுகளின் சுமை நம் தோளில் ஏறுகிறது. பெற்றுக்கொண்டது நம் குற்றமன்று. ஆனால் கீழே நிற்பவரின் தோளுக்கு அதை மாற்றுவதா, நம்மோடு தீர்ப்பதா என்னும் தேர்வு நம்முடையதே. கர்மத்தின் சங்கிலி அறுபடுவது அத்தேர்வில்தான்.